போர் தண்ணீர் என்று சொன்ன டப்பா

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஓசூரில் நானே சாட்சி.

கல்யாணமாகிப் பல வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவி சுமதிக்கு ரத்தம், ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் குறையில்லை. (நான்? முதல் டெஸ்டுக்குப் போவதற்கே வருடக்கணக்கில் யோசித்த வீரன்.) கடைசியில், குழந்தைப்பேறு தள்ளிப்போகும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி நடத்திய ஒரு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பதிவு செய்துகொண்டாள். தினமும் வயிற்றில் ஊசி. கருமுட்டை முற்றியதும் என் விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். என் வேலை ஒன்றுதான்: வீட்டில் எடுத்ததை, சூடு குறையாமல் உடம்போடு அணைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொடுப்பது. அன்று சுமதி முன்னாலேயே போய் அங்கே காத்திருந்தாள்.

சட்டைக்குள் டப்பாவோடு மருத்துவமனை எதிரே வண்டியை நிறுத்தினேன். ஜூஸ் கடையில் என் தாய்மாமா! காவேரிப்பட்டினத்தில் தென்னந்தோப்பில் இருக்க வேண்டியவர்.

"இன்னா மாப்ள, வயித்தப் புடிச்சிக்கினு நிக்கற? உள்ள இன்னாது?"

சிகிச்சை விஷயம் சொந்தக்காரர் யாருக்கும் தெரியாது. "ஊட்டு போர் தண்ணி மாமா. டெஸ்டுக்குக் கொண்டு போறேன்."

மாமா கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பழகியவர். "அட லூசு, தண்ணிய சூடு பட வுடலாமா? டெஸ்டே தப்பாப் பூடும்!" கைக்குட்டை சுற்றிய டப்பாவைப் பிடுங்கி, ஜூஸ்காரரின் ஐஸ் பெட்டியில் ஆழமாகப் புதைத்தார். "ஒரு சாத்துக்குடி குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். 'அது தண்ணியில்லை மாமா' என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரர் தேடிய கதையை முழுசாகக் கேட்டேன்.

லேப் பெண் டப்பாவைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். "ஏன் சார் இவ்ளோ சில்லுனு இருக்கு?" உயிரணுக்களில் அசைவே இல்லை. பக்கத்து அறையில் இன்னொரு முறை எடுத்துத் தரச் சொன்னார்கள். பதற்றத்தில் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டு, வெறும் டப்பாவோடு வெளியே வந்தேன். அந்த மாதம் அவ்வளவுதான். சுமதி வயிற்றில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போய் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லி முடித்தபோது, ஆராய்ச்சிக்கு விவரம் சேகரிக்கும் பெண் வந்தார். "இந்த மாசம் நின்னுபோனதுக்கு என்ன காரணம்னு போடட்டும்?"

நான் வாயைத் திறந்தேன். சுமதி முந்திக்கொண்டாள்.

"இத்தன டெஸ்ட் எடுத்தும் கண்டுபிடிக்கலல்ல மேடம்? இப்ப கண்டுபிடிச்சாச்சு. எங்கூட்டுக்காரரோட வெக்கம்னு போடுங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். சுமதி சிரிக்கவில்லை.

பின்னால் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் பால் திரிந்தாலும், ஸ்கூல் பஸ் போய்விட்டாலும், என்ன காரணம் என்று நான் தவறியும் கேட்பதில்லை. கேட்டால், அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டுப் பழகியதில், அர்த்தம் தெரியாமலே மகள்தான் முதலில் சொல்வாள்: "அப்பாவோட வெக்கம்!"