ஆபத்தான நெல்

வெண்கரை நாட்டுக்கும் எதிர்க்கரையில் இருந்த அக்கரை நாட்டுக்கும் நடுவே ஓடியது ஓர் ஆறுதான். பகையோ ஏழு தலைமுறைப் பகை. நெற்பயிரைக் கருக்கும் நோய்க்கு மட்டும் அந்தப் பகை தெரியவில்லை. இரண்டு கரையிலும் ஒரே மாதிரி வயலைத் தின்றது.

அந்த நோய்க்கு ஈடுகொடுக்கும் நெல்லைத் தேட அரண்மனை மானியம் பெற்றவள் செங்கமலம். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு ஒரு வழக்கம். இங்கே பிழைத்த விதையில் பாதியை அக்கரை ஆராய்ச்சிக்காரி தும்பையம்மாளுக்கு அனுப்புவாள். அங்கே பிழைத்ததில் பாதி இங்கே வரும். இரு மண்ணிலும் தாக்குப்பிடித்தால்தான் அதை விதையென்று நம்பலாம். இன்னும் ஒரே ஒரு விதைப்புதான் பாக்கி. ஆடி முடிவதற்குள் விதைத்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அரசருக்குப் பயம் வந்தது. அறிவு ஆற்றைத் தாண்டிப் போய்விடுகிறதாம். உடனே ‘அயல் தொடர்பு ஆபத்து மன்றம்’ பிறந்தது. மானியம் வாங்குவோர் தங்கள் அயல் தொடர்புகளை எழுதித் தர வேண்டும் என்று முரசறைந்தார்கள்.

செங்கமலம் ஒன்று விடாமல் எழுதினாள். நாற்பத்தேழு கடிதம், விதைப் பொட்டலங்கள், ஒரு முறை வந்த மாங்காய் ஊறுகாய் வரைக்கும். உண்மையைச் சொன்னவளுக்குச் சிவப்பு முத்திரை; மானியம் நின்றது. பட்டத்து யானை எப்போது கொட்டாவி விடும் என்று ஆராய்ந்துகொண்டிருந்த பசுபதியார், தமக்கு யாரையும் தெரியாது, எதுவும் தெரியாது என்று எழுதினார். அவருக்குப் பச்சை முத்திரை. கூடவே அவளுடைய சோதனை வயலும். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒன்றுமில்லை என்றே எழுதினார்கள். ஒன்றுமில்லை என்பவர் எதையோ மறைக்கிறார் என்று அடுத்த ஆணை வந்தது. காய்ச்சலுக்கு மருந்து தேடியவர், பாலம் கட்டப் படித்தவர், எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அரசரின் யானை என்பதால் யானை ஆராய்ச்சி மட்டும் தப்பியது. கேட்டால் வயிறு எரியாதா?

அக்கரையிலிருந்து கடைசியாக வந்த விதை மூட்டை, சாட்சிப் பொருளாகி மன்றத்தின் ஈர அறையில் பூட்டப்பட்டது. செங்கமலம் மன்றத் தலைவர் கோதண்டநாதர் முன் போய் நின்றாள்.

“ஐயா, ஆடி முடியப் போகுது. அந்த மூட்டை இங்கயே கிடந்தா புழு விழுந்துரும். அடுத்த வருஷம் ஊருக்குச் சோறு இருக்காதுங்க.”

“அம்மணி, அதனுள் என்ன இருக்கிறதென்று அறிவீரா?”

“நெல்லுதாங்க.”

“மேலே உமி. உள்ளே இருப்பது வெளியே தெரிவதில்லை. ஆபத்தின் முதல் இலக்கணமே அதுதான்.”

ஆடி போனது. மூட்டையில் புழு விழுந்தது. பசுபதியாருக்குக் கிடைத்த வயலில் யானை நின்று கொட்டாவி விட்டது. மறு வருஷம் நாடு முழுக்கப் பயிர் கருகியது. பிள்ளைகள் கிழங்குத் தோலைச் சுரண்டித் தின்றன. மன்றத்தில் ஒருவராவது தலை குனிந்தாரா? குனிவதாவது! நாட்டைக் காத்துவிட்டோம் என்று ஆளுக்கொரு பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள்.

கடைசியில் அரசரே அக்கரைக்கு ஓலை அனுப்பி நெல் கேட்டார். படகு படகாக வந்து இறங்கியது. தும்பையம்மாள் தன்னிடமிருந்த பாதியை விதைத்து ஜெயித்திருந்தாள். ஒவ்வொரு மூட்டையிலும் அந்த நெல்லுக்கு அவள் வைத்த பெயர் எழுதியிருந்தது: செங்கமலம்.

மன்றம் அவசரமாகக் கூடியது. அரச முத்திரையோடு வந்ததால் நெல்லில் ஆபத்தில்லை என்று தீர்ப்புச் சொல்லி, அந்த அரிசியிலேயே பொங்கல் வைத்துச் சாப்பிட்டது. ஆனால் அயல் நாட்டு மூட்டையில் நம் பிரஜை ஒருத்தியின் பெயரா? அன்று மாலையே செங்கமலத்தைச் சிறையில் தள்ளினார்கள்.

காவலன் கஞ்சிக் கலயத்தை உள்ளே நீட்டினான். பிள்ளைகளுக்கும் கிடைக்கிறதா என்றுதான் அவள் முதலில் கேட்டாள். வீடு வீடாகக் கிடைக்கிறது என்றான். அவள் கலயத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“குடிம்மா, அக்கரை அரிசி,” என்றான் காவலன். “நம்ம நாட்டுல இதையெல்லாம் கண்டுபிடிக்க ஆளு எங்க இருக்கு?”