பங்கருக்குள்ளே பழைய கடல்

வாருங்கள், உங்களுக்கு ஒரு பிராணியைக் காட்டுகிறேன். பெயர் பழங்கடல்காரர். நேற்று ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்; ஆறாயிரம் வருசத்துக்கு முன்னம் கடல் எந்த வேலி மட்டும் வந்து நின்றது என்று கேட்டால், உங்களைக் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி ஆறி, அதில் எறும்பு மிதக்கும்வரை சொல்லுவார். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் இறக்கக்கண்டியில் உலாவியவருக்குச் சோமசேகரம் என்று பெயர். நில அளவைக் கந்தோரில் படம் கீறிப் பென்சன் எடுத்தவர்.

அடையாளம் சொல்லட்டுமா? சட்டைப் பை நிறையச் சிப்பி. கையில் பல்லுத் தீட்டித் தேய்ந்த பிரஷ். தோளில் மேசன்மார் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற ரியூப். யாராவது கிணறு வெட்டினால், கக்கூசுக்குக் குழி தோண்டினால், ஏன், செத்தவருக்குத் தோண்டினால்கூட, முதல் ஆளாக வந்து எட்டிப் பார்ப்பார். சவம் இன்னும் வீட்டில் கிடக்கும். இவர் சவக்குழிக்குள் நிற்பார்.

"இஞ்ச பாருங்கோ, ரெண்டு ஓடும் மூடினபடி கிடக்கு. அலை கொண்டுவந்து எறிஞ்சதெண்டால் ஓடு பிரிஞ்சு சிதறியிருக்கும். இது சீவிச்ச இடத்திலயே செத்தது. அப்ப கடல் இதுக்கு மேலயெல்லோ நிண்டிருக்கு!"

சொன்னது பிழையா? இல்லையே! அதுதான் பெரிய கரைச்சல். பிழையாகச் சொன்னால் வாயை மூடும் என்று சொல்லலாம். சரியாகச் சொல்லுகிறவரை என்ன செய்வது?

ஆமியின் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னால் எங்களுக்கெல்லாம் கை அடையாள அட்டையைத் தேடும், இவருக்கு வாய் திறக்கும். எண்பத்தாறாம் ஆண்டு ஒருநாள், காவலுக்கு நின்றவனுக்குச் சிப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி இங்கிலீசில் விளக்கத் தொடங்கினார். அவனுக்கு இங்கிலீசும் விளங்கவில்லை, சிப்பியும் விளங்கவில்லை, சந்தேகத்தில் பஸ்சில் வந்த அத்தனை பேரையும் இறக்கி வெயிலில் விட்டுவிட்டான். இன்றைய கடலில் இறங்க ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும், அதுவும் லேசில் கிடைக்காது. பழைய கடலுக்கு யார் பாஸ் கேட்கிறார்கள்? மனுசன் அங்கேயே குடியிருந்தார்.

எங்கள் பக்கத்து வளவுப் பேணாட் மீன்பிடிகாரன், பாஸ் இல்லாததால் கடலுக்குப் போக ஏலாமல் வீட்டோடு கிடந்தவன். அவனுடைய பெண்சாதி அருள்மலருக்கு நிறைமாதம். மேலிருந்து சுடுகிற ஹெலியின் சத்தம் கேட்டால் ஊரே பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் பாய்ந்த காலம் அது. அவள் எப்படிப் பாய்வாள்? ஆகவே பின்வளவில், அவள் நடந்து இறங்கப் படி வைத்து, ஒரு பங்கர் தோண்டத் தொடங்கினான். எங்கள் வீட்டுக்கும் அதுதான் பங்கர் என்று பேச்சு. ஆளுயரம் போனதும், படி வெட்ட வைத்திருந்த பக்கத்தில் வெள்ளை வெளேரென்று, அடுக்கடுக்காய், ஒரு சிப்பிப் படை தெரிந்தது. வேலிக்கு மேலால் சோமசேகரம் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"தம்பி, மண்வெட்டியை வையும்! இது ஆறாயிரம் வருசம்!"

"ஐயா, அவவுக்குப் படி வெட்டவேணும்."

"வெட்டும், வெட்டும், ஆர் வேண்டாமெண்டது? நான் மட்டத்தை எடுக்கிறன். நாளைக்கு வெட்டும்."

மற்றப் பக்கத்தில் வெட்டக்கூடாதா என்கிறீர்கள். மற்றப் பக்கங்களில் வேலியும் கிணறும் குசினிச் சுவரும். பேணாட்டின் காணிக்கு எல்லை பார்த்துப் படம் கீறிக் கொடுத்தவர் ஐயா. அவருடைய முகத்தை முறிக்க அவனுக்கு மனம் வரவில்லை. நாளையும் வந்தது, ஐயாவும் வந்தார். நூல் கட்டினார், குடை விரித்தார், பிரஷால் தட்டினார், நாளைக்கு என்றார். எனக்கு வந்த விசருக்கு அந்த மனுசனை அதே குழிக்குள் வைத்து மூடியிருப்பேன். அருள்மலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "ஐயா, எனக்குப் படி வேணும்," என்றாள். "ஓம் பிள்ளை, ஓம்," என்றார், சிப்பியைப் பார்த்தபடியே.

ஒரு பின்னேரம் சீனன்குடா விமானத்தளப் பக்கமிருந்து ஹெலி சத்தம் வந்தது. ஓடிப்போய்க் குழிக்குள் குதித்தேன். உள்ளே யார்? சோமசேகரம், குடையோடு.

"அந்தச் சுவரில சாயாதேங்கோ!"

எங்கேயோ வெடி கேட்கத் தொடங்கிவிட்டது. மேலே விளிம்பில் அருள்மலர். குதிக்க ஏலாது, இறங்கப் படியில்லை. பேணாட் அவளுடைய கக்கத்தில் கைகொடுத்து இறக்கப் பார்க்கிறான், பாரம் தாங்கவில்லை. "அந்தப் பக்கத்தால வேண்டாம் தம்பி, நூல் கிடக்கு!" என்று கீழேயிருந்து ஒரு குரல். அருள்மலர், "மாதாவே!" என்றாள். விளிம்பில் குந்தினாள். நூலையும் குடையையும் ஆறாயிரம் வருசத்தையும் வாரிக்கொண்டு சறுக்கி வந்து என் மடியில் விழுந்தாள். காலெல்லாம் சிப்பி கிழித்த இரத்தம். வயிற்றைப் பொத்திக்கொண்டு, "அக்கா, பிள்ளை அசையுதில்லை," என்றாள்.

சோமசேகரம் சரிந்த சுவரில் முகத்தை வைத்திருந்தார்.

"அடடா, கீழ கறுப்புச் சேறு! கரைச் சேத்தில முளைக்கிற கண்டல் மரத்தின்ர வேர்! அப்ப சிப்பிக்கு முன்னம் கடல் இன்னும் பதிஞ்செல்லோ நிண்டிருக்கு. அதுக்கும் கீழ ஒரு வெள்ளைக் கோடு... தம்பி, அது என்ன தெரியுமோ?"

"வெளியில போம்!" என்றான் பேணாட். அவன் ஐயாவை மரியாதை விட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன். ஹெலி போனதும் அருள்மலரை உழவு மிசின் இழுக்கிற பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அந்த வெள்ளைக் கோட்டுக்குச் சோமசேகரம் பிறகு ஒரு விளக்கம் சொன்னார். அருமையான விளக்கம். கடல் எப்போது பின்வாங்கியது, எதனால் வாங்கியது, எல்லாம் அந்த ஒரு கோட்டில் இருக்கிறதாம். சொல்லட்டுமா?

என்ன, கதிரையைக் கிட்ட இழுக்கிறீர்கள்? கோடு என்னவென்று தெரியவேண்டும், அப்படித்தானே? மாட்டேன், சொல்ல மாட்டேன். கேட்க மறந்தவர்களுக்கும் சேர்த்து வேறொன்று சொல்கிறேன்: ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியிலிருந்து இறக்கும்போது, பிள்ளை உதைத்தது.