மூக்கு சாரின் மூக்கு

பீப்பாய் வந்து இறங்கிவிட்டது. மனைவியோ ஊரில் இல்லை. மூக்கு சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சோப்புத் தொழிற்சாலையில் அவருக்கு ஒரே வேலை. ஜெரேனியால் வந்ததும் காகிதப் பட்டையை அதில் நனைத்து, முகர்ந்து, 'எடுக்கலாம்' அல்லது 'திருப்பு' என்று எழுத வேண்டும். நிறமே இல்லாத அந்த எண்ணெய்தான் அங்கே தயாராகும் சோப்புக்கெல்லாம் ரோஜா மணம் தருவது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் அவருடைய மோப்பசக்தி போயே போய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலையும் போய்விடும். அதனால் பட்டையை டப்பாவில் மூடி, சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு எடுத்துப்போவார். மனைவி முகர்ந்து சொல்வாள்; இவர் வந்து கையெழுத்துப் போடுவார். இதுவரை ஒரு பிசகும் வந்ததில்லை.

இன்று அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு பீப்பாய் தப்பினாலும் அந்த நாற்காலியில் இயந்திரத்தை உட்காரவைப்பேன் என்று மேலாளர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

முதலில் காவலாளியிடம் பட்டையை நீட்டி, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"ரோஜா மாதிரிதான் சார் இருக்கு. ஆனா இங்க எனக்கு டீயே ரோஜா மாதிரிதான் இருக்கு."

வெளி ஆள்தான் சரி என்று, ஒரு சின்னப் புட்டியில் எண்ணெயை ஊற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த மருந்துக்கடைக்கு ஓடினார். மூடி சரியாக இறுகவில்லை. பாதித் தெருவிலேயே பை நனைந்துவிட்டது. குழாயில் கழுவினார், எண்ணெய் தண்ணீரோடு சேருமா? சட்டை முழுக்கப் பரவியது. மருந்துக்கடைக்காரர் ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்துவிட்டார்; அந்த நெடியில் அவருக்கும் வேறு மணம் தெரியவில்லை. எண்ணெய் அதில் கரைந்து கால்சட்டைக்கும் இறங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

அப்போது ஒரு தேனீ வந்தது. பிறகு பத்து. தொழிற்சாலை வாசலை அவர் எட்டும்போது ஒரு கூட்டமே பின்னால் வந்தது. ஆட்கள் மேசைக்கடியில் புகுந்தார்கள். மேலாளர் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேனீக்கள் யாரையும் கொட்டவில்லை. மூக்கு சாரின் சட்டையில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன. தேனீக்கள் தங்கள் கூட்டத்தைக் கூப்பிடச் சுரக்கும் மணத்திலும் ஜெரேனியால் உண்டு என்று எப்போதோ படித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சரக்கு மட்டமாக இருந்தால் இதுகள் இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வருமா? ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று 'எடுக்கலாம்' எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மேலாளர் சந்தேகப்பட்டு வெளிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிய மாதிரிக்கும் மாலையில் அதே பதில் வந்தது: முதல் தரம். தேனீயே தேடிவந்து மரியாதை செய்யும் மூக்கு இருக்கும்போது இயந்திரம் எதற்கு என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மூக்கு சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே மனைவிக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னார்.

"இனிமே உனக்கு அந்தச் சிரமமே இல்ல. தேனீயே சொல்லிடுது."

அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"அப்பாடா, நல்லதாப் போச்சுங்க. எனக்கும்தான் ரெண்டு வருஷமா எந்த வாசனையும் தெரியல. சொன்னா நீங்க இடிஞ்சு போயிடுவீங்களேன்னு, உங்க மூஞ்சியப் பாத்தே சொல்லிக்கிட்டிருந்தேன்."