உப்பளத்து நிழல் விஷயமாக மச்சானுக்கு

மரக்காணம்,
வைகாசி 6, செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் தட்சணாமூர்த்தி அவர்களுக்கு, தங்கள் தங்கை ஞானாம்பாளைக் கட்டிய பாக்கியத்தால் தங்களுக்கு மாப்பிள்ளை ஆன பஞ்சநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஞானாம்பாளும் நலம். அங்கே தாம்பரத்தில் தாங்களும் ரேணுகா அக்காவும், புதிதாக மாட்டிய இரண்டாவது ஏ.சி.யும் நலமென நம்புகிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததுமே "மாப்ள, சுருக்கமா சொல்லுங்க" என்பீர்கள். சுருக்கமாகச் சொன்னால் "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்பீர்கள். எனவே முதலிலிருந்தே எழுதுகிறேன். ரிட்டயர் ஆன கண்டக்டர் சும்மாதானே இருக்கிறான், நம் உப்பளத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் என்னை மேற்பார்வைக்கு வைத்தீர்கள். பார்த்துத்தான் கொண்டிருந்தேன், சித்திரைக் கடைசியில் மலர்கொடி மயங்கி விழுகிற வரைக்கும். அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தவள், கையில் பிடித்த பலகையோடு அப்படியே உப்பில் குப்புறச் சாய்ந்துவிட்டாள். மொபெட்டில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தீங்கன்னா என்கிட்ட கொண்டுவந்தே பிரயோஜனம் இல்ல" என்று டாக்டரம்மா சொன்னதை மட்டும் உங்களிடம் மறைத்துவிட்டேன். உங்களுக்குத்தான் பிரஷர் இருக்கிறதே.

அவள் பிழைத்து வந்த மறுநாளே, வேலை செய்கிற இருபத்திரண்டு பெண்களும் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் கூடிவிட்டார்கள். தலைமை, பாஞ்சாலை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன வருஷம் நீங்கள் வந்தபோது காரை வரப்பில் ஏற்றாதீர்கள் என்று சொன்னவள். நீங்கள் ஏற்றி மாட்டிக்கொண்ட பிறகு, இறங்கித் தள்ளிவிட்டவளும் அவளேதான். உட்கார ஒரு கீற்றுப் பந்தல், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கு ஒரு கக்கூஸ், விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு முடிகிற வேலை, உப்பு வெளிச்சத்தில் கண் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி. இவ்வளவும் கேட்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போவதாகச் சொன்னாள். கண்ணாடி என்றதும் நீங்கள் போனில் சிரித்த சிரிப்பு வரப்பு வரைக்கும் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, "மனு கினு எதுவும் போகக்கூடாது மாப்ள. வெயில் இல்லாம உப்பு எப்படி வெளையும்னு கேளுங்க, வாயடைச்சுப் போயிடுவாங்க" என்றீர்கள். கேட்டேன். பாஞ்சாலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உப்புக்கு வெயில் வேணும், சரிங்கண்ணா. எங்களுக்கு எதுக்கு? நாங்க இன்னா, வெயில்ல கெடந்து வெளையவா போறோம்?" என்றாள். அன்றைக்கு உங்களிடம் டவர் கிடைக்கவில்லை என்று போனை வைத்தேனே, டவர் இருந்தது மச்சான்.

அதற்கப்புறம் நீங்கள் சொன்ன யோசனை தெர்மாமீட்டர். அப்படி ஒன்றும் பெரிய வெயில் இல்லை என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் யார் கேட்டாலும் காட்டலாம் என்றீர்கள். திண்டிவனம் போய் வாங்கிவந்தேன். நிழலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நிழலைத் தேடிப் போனேன். உங்கள் உப்பளத்தில் நிழலைத் தேடியவன் இதுவரை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உப்பு மண்ணில் மரம் எங்கே வரும்? கடைசியில் ஒரு கரண்ட் கம்பத்தின் நிழல் அகப்பட்டது, என் உடம்பில் கால்வாசி அகலத்துக்கு. அதில் தெர்மாமீட்டரைப் பிடித்தால் நிழல் நகர்கிறது, நானும் கூடவே நகர்கிறேன், அது வரப்பைத் தாண்டிப் பாத்திக்குள் இறங்குகிறது, நானும் செருப்போடு இறங்கிவிட்டேன். பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "எவ்ளோண்ணா காட்டுது?" என்று பாஞ்சாலை கேட்டாள். முப்பத்திரண்டு வருஷம் ஸ்டாப்பிங் பெயரைக் கத்திய தொண்டை, எனக்கு முன்னால் அது முந்திக்கொண்டது. "நாற்பத்து மூணு! நாற்பத்து மூணெல்லாம் வா!" என்று கத்திவிட்டேன். பாஞ்சாலை அதை வீடியோ எடுத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் அது கோட்டக்குப்பம் வரைக்கும் போய், அங்கிருந்து துபாய்க்கும் போய், "இங்கேயே ஜூன் வந்தா மத்தியானம் வெளிவேலை கெடையாது, உங்க ஊர்ல இன்னா இது?" என்று யாரோ ஒரு புண்ணியவான் குரலில் திரும்பி வந்தது. நீங்கள் கேட்ட போட்டோவை நான் அனுப்பாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது யோசனையைப் பற்றி உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், அது எனக்கும் பிடித்துப் போயிற்று. "ஒரு நாள் நீங்களே எறங்கிக் காட்டுங்க மாப்ள. அறுபது வயசு ஆம்பள செய்யறத அவங்களால செய்ய முடியாதான்னு கேளுங்க" என்றீர்கள். போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையும் கையுமாக இறங்கினேன். "பலகையை எந்தக் கையில புடிப்பீங்க, குடையை எந்தக் கையில புடிப்பீங்க?" என்று பாஞ்சாலை கேட்டதும் மானஸ்தனாகக் குடையை வரப்பில் போட்டேன். முதல் அரை மணி நேரம் பிரமாதம். ஒரு குவியல்கூட சேர்த்துவிட்டேன், பூனைக்குட்டி அளவுக்கு. அப்புறம்தான் தெரிந்தது, வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை மச்சான். கீழே பாத்திக்குப் பாத்தி ஒரு சூரியன் கிடந்து முகத்தில் அடிக்கிறது. உப்புத் தண்ணீர் காலில் எங்கே வெடிப்பு இருக்கிறது என்று விசாரித்து விசாரித்து உள்ளே போகிறது. பத்தரை மணிக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. சரி, உடம்பு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பதினொரு மணி வாக்கில், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி "ஹோல்டான், ஹோல்டான்" என்று சொன்னேனாம். சொல்லிவிட்டு விழுந்தேனாம்.

கண் விழித்தபோது வரப்பில் மல்லாந்து கிடந்தேன். முகத்தில் வெயில் இல்லை. என்னைச் சுற்றி நாலு பெண்கள் நெருக்கி நின்று, முந்தானைகளை விரித்து என் தலைக்கு மேலே பிடித்திருந்தார்கள். ஒருத்தி என் வாயில் தண்ணீர் விட்டாள். அவர்கள் வீட்டிலிருந்து தூக்கிவந்த குடத்துத் தண்ணீர், ஒரு நாளைக்கு அவ்வளவுதான் அவர்களுக்கு. வெயில் முழுக்க அவர்கள் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு பேரில் ஒருத்தி மலர்கொடி. ஊசி குத்திய இடத்தில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். "அசையாதீங்கண்ணா. நீங்க அசைஞ்சா நாங்களும் நகரணும்" என்றாள். அசையாமல் கிடந்தேன். அவளுக்கு மயக்கம் வந்த அன்றைக்கு நான் குடைக்குள் நின்றுகொண்டுதான் மொபெட்டைக் கூப்பிட்டேன். குடையை அவள் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

என்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்கு ஞானாம்பாள் வந்தாள். எனக்கு விழ வேண்டிய திட்டெல்லாம் உங்களுக்கு விழுந்தது, அதை இங்கே எழுதவில்லை. கடைசியில், "எங்கண்ணனுக்கு உப்பு எங்கேர்ந்து வருதுன்னு தெரியும். எப்படி வருதுன்னு தெரியாது. அத நான் சொல்லிக்கறேன்" என்று முடித்தாள். நேற்று திங்கட்கிழமை பாஞ்சாலை கூட்டத்தோடு முதல் ஆளாக பஸ் ஏறியதும் அவள்தான். தங்கள் தங்கைக்குத் துணையாகத்தான் நானும் போனேன். அதைத் தவிர எனக்கு வேறு எந்த உத்தேசமும் கிடையாது. திண்டிவனம் வரைக்கும் டவுன் பஸ், பெண்களுக்கெல்லாம் இலவசம், எங்கள் கூட்டத்தில் டிக்கெட் வாங்கியவன் நான் ஒருவன்தான். மனு வாங்குகிற இடத்தில் ஒரே நெரிசல். கை சும்மா இருக்குமா? "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று சொல்லி எல்லாரையும் வரிசைப்படுத்திவிட்டேன். அங்கே படியே கிடையாது. ஆபீசர் மனுவைப் படித்துவிட்டு, "பாதிக்கப்பட்டவங்க யாராச்சும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். மலர்கொடிக்கு நீண்ட பயணம் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அவள் வரவில்லை. வந்திருந்த இருபத்தோரு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஞானாம்பாள் பார்க்கவில்லை, முழங்கையால் இடித்தாள்.

"பேரு?"

"பஞ்சநாதனுங்க."

"இன்னா வேலை?"

"மேற்பார்வைங்க."

"யாரோட உப்பளம்?"

"என் மச்சானோடதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மச்சானுக்கு எதிராவா மனு குடுக்குறீங்க?"

பாஞ்சாலைதான் சொன்னாள். "வெயிலுக்கு எதிராத்தாங்க சார். மச்சான் நடுவுல நிக்கறாரு."

ஆபீசர் சிரித்தார். சிரித்தாலும் காரியத்தை விடவில்லை. தண்ணீர் லாரிக்கு அங்கேயே போன் போட்டார். வேலை நேரத்தை மாற்றச் சொல்லி எல்லா உப்பளத்துக்கும் கடிதம் போகும் என்றார். பந்தலும் கண்ணாடியும் உப்பளக்காரர் பொறுப்பு, ஒரு வாரத்தில் ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார். கக்கூசுக்கு இடம் பார்த்துச் சொல்வார்களாம். சொல்கிற வரைக்கும் திங்கட்கிழமை தோறும் வருவதாகப் பாஞ்சாலை அவரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அழகாகத்தான் போட்டிருக்கிறேன்.

ஆகையால் மச்சான், என் மேல் கோபம் இருந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், வருத்தப்பட மாட்டேன். ஆனால் தங்கள் அனுமதி இல்லாமல் நம் உப்பளத்தில் ஒரு கீற்றைக்கூட இறக்க மாட்டேன். தங்கள் பெயரைச் சொல்லி யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நன்றாக ஆற அமர யோசித்துப் பதில் எழுதுங்கள். எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறேன்.

ரேணுகா அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். எங்கள் ஊர் பூமீஸ்வரர் அருளால் தங்கள் பிரஷர் இறங்கி, மனமும் உடம்பும் குளிர்ந்து, நீடூழி வாழ வேண்டும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
பஞ்சநாதன்

பி.கு.: கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டுவதற்குப் பசை கேட்கலாமென்று எழுந்தேன். வீட்டில் ஞானாம்பாளைக் காணவில்லை. உப்பளத்தில் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பந்தல் நிற்கிறது. கம்பு நட்டு, கீற்று வேய்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது. முகப்பில் தங்கள் போட்டோ போட்ட ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறது: 'தொழிலாளர் நலனுக்காகப் பந்தல் அமைத்துக் கொடுத்த வள்ளல்'. எனவே ஆற அமர யோசிக்க வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு விழா, தலைமை விருந்தினர் தாங்கள்தான், பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம் என்பதால் பாஞ்சாலை பகல் பன்னிரண்டரைக்கு நேரம் குறித்திருக்கிறாள். பந்தலுக்குள் இருபத்திரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. அதனால் தங்களுக்கு மேடையை வெளியே போட்டிருக்கிறோம்.