மோட்டார் கொட்டகையில் பிளாக் மெட்டல்

நார்வே நாட்டுப் பனியில் உத்தியோகம் பார்க்கும் தம்பி அறிவுமதிக்கு, பூதலூரிலிருந்து அண்ணன் செழியன் எழுதுவது. இங்கு நெல்லைத் தவிர எல்லாரும் நலம். உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஏன் என்று படித்துத் தெரிந்துகொள்.

போன கோடையில் வந்தவன், என் மகள் எழில்மொழிக்கு ஒரு மின்சாரக் கிடாரைக் கொடுத்து, பிளாக் மெட்டல் என்ற சங்கீதத்தையும் காதில் ஓதிவிட்டுப் போனாய். கருப்பு உலோகம் என்றதும் பெண் இரும்புக்கடை வைக்கப்போகிறாள் என்று நானும் மகிழ்ந்தேன். ழகரம் வராத பிள்ளைகளோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய தமிழாசிரியன் நான், ஆசையாக வைத்த பெயர் எழில்மொழி. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடப் படித்த நாகப்பட்டினத்துப் பெண் சுமையாவை அழைத்துக்கொண்டு, நம் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குள் புகுந்தாள். டெமோ பதிவு செய்கிறார்களாம்.

"பாட்டு யாரும்மா எழுதுனது?"

"எழுதலப்பா. அப்பப்ப வர்றதுதான்."

"ராகம்?"

"அதுவும் அப்பப்ப வர்றதுதான்."

"ஒத்திகையாவது பாத்தீங்களா?"

"பாத்தா கெட்டுப்போயிடும்ப்பா. கரடுமுரடா இருக்கணும்னு சித்தப்பா சொன்னாரு."

கோலமாவைக் குழைத்து முகம் முழுக்கப் பூசி, கண்ணைச் சுற்றி அடுப்புக்கரியைத் தேய்த்திருந்தாள். கேட்டால், பிணம்போல் தெரிய வேண்டுமாம். போனைப் பதிவில் போட்டு ஜன்னலில் வைத்தார்கள். சுமையா எண்ணெய்த் தகரத்தை அடிக்க, கிடார் கதிரடிக்கும் இயந்திரத்தில் கல் மாட்டியதுபோல் அலற, உன் மகள் வாயைத் திறந்தாள். (இனி அவள் உன் மகள்.) அதில் உயிரெழுத்தும் இல்லை, மெய்யெழுத்தும் இல்லை, முழுக்க ஆய்த எழுத்து. நடுவில் மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் தானே ஓட ஆரம்பித்தது. நிறுத்த ஓடினேன். "தொடாதீங்கப்பா! இதுதான் எங்க பேஸ் கிடாரு!" என்று கத்தினாள்.

வரப்பில் வந்துகொண்டிருந்த பக்கத்து வயல் பக்கிரி, மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். திரும்பும்போது பாதித் தெருவும் ஒரு பூசாரியும் கூடவே வந்தார்கள். சத்தம் கேட்டு எழில் கதவைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பூசாரியே வேப்பிலையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் கேட்டார்.

"யாரு நீ?"

கத்திக் கத்திக் கரகரத்த குரலில், "எழில்மொழி" என்றாள்.

"எந்த ஊரு?"

"இதே ஊருதான்."

"உள்ளூர்ப் பேய்!" என்று கூட்டம் பின்வாங்கியது.

"என்ன வேணும்? கோழி வேணுமா?"

நம் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைந்து, முளைக்க நாள் பார்த்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். நானும் சந்திப்பிழை இல்லாமல் மனு மேல் மனு எழுதினேன். "ஈரப்பதம் அதிகம் சார்" என்பதுதான் பதில்.

"கோழி வேணாம்!" என்றாள் எழில். "வாசல்ல கெடக்குற நெல்லை எடை போடச் சொல்லு! உள்ள நான் பாடுனதே அதான்!"

பக்கிரிதான் முதலில் பேசினார்: "பேயி நாயமாத்தான கேக்குது."

அப்புறம் என் பேச்சு எடுபடவில்லை. எழில் முன்னால், தகரத்தோடு சுமையா பின்னால், வேப்பிலையோடு தெரு முழுக்கக் கொள்முதல் நிலையத்துக்குப் போனது. அங்கிருந்த அலுவலர், "மேலிடத்து உத்தரவு இல்லாம..." என்று ஆரம்பித்தார். எழில் ஒரே ஒரு கத்து கத்தினாள். ஈரப்பதம் பார்க்கும் கருவி அவர் கையிலிருந்து விழுந்தது. எடுத்து மறுபடி பார்த்தார், நெல் காய்ந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாருடைய நெல்லும் எடையாகிவிட்டது.

தம்பி, குடிமக்களாகக் கேட்டவரை ஈரம், பேயாகக் கேட்டதும் காய்ச்சல்! இலக்கணம் சாதிக்காததை ஊளை சாதித்துவிட்டது. இனி நான் எந்த முகத்தோடு மனு எழுதுவேன்? அந்தப் பதிவை வாங்கிப்போன பக்கிரி, வயலில் பன்றி விரட்டப் போட்டுவிடுகிறார். நேற்று திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்து, "சார், எங்க வாய்க்கால தூர்வாராமலே வாரிட்டதா எழுதிட்டாங்க. பாப்பாவ ஒருதரம் அனுப்புங்க" என்கிறார்கள். முதுகலை படித்த பெண்ணை வாடகைப் பேயாக்கிவிட்டாயே! உங்கள் ஊரில் பாதி வருஷம் வெயிலைக் காணாமல் கத்துகிறார்கள். இங்கே வெயிலுக்கு என்ன பஞ்சம்? உடனே அவளைக் கூப்பிட்டு, கிடாரை மூட்டைகட்டச் சொல். இது மூத்தவன் உத்தரவு.

உன் மனைவி நஃபீசாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். உனக்கான ஆசியை யோசித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
பேயின் தகப்பன்,
செழியன்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். எழிலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாய்க்கால்காரர்கள் வேனோடு வாசலில் நிற்கிறார்கள், ஒப்புக்கொண்டது நான்தான். இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அடிவயிற்றிலிருந்து கத்துவது எப்படி என்று உடனே கூப்பிட்டுச் சொல்லிக்கொடு. உன் அண்ணி எனக்கு நெற்றிவரை கோலமாவு பூசி முடித்துவிட்டாள்.