கண்ணாடித் தீர்ப்பு

ஆபரேஷனுக்குப் போவதில்லை என்று மெக்கானிக் முடிவெடுத்தபோது அவர் ஒரு லிஃப்ட்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது மாடியில் நின்றவர்கள் பொத்தானை அமுக்கி அமுக்கி அலுத்துப்போய் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவரோ ஒரு கையால் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வலி எப்போது இறங்கும் என்று காத்திருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. வலி இறங்கியது, லிஃப்ட்டும் இறங்கியது.

அந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. ஏற்கனவே, கம்பெனியில் பயிற்சி என்று வீட்டில் ஒரு புளுகு புளுகிவிட்டுப் போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக் கடிதமும் கைக்கு வந்தாயிற்று. நெஞ்சைத் திறக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும், கூடவே வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டும். நான்கே வரி. அந்த நான்கு வரியைப் படித்ததிலிருந்து மனுஷனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

காரணம் கேட்டால் ஃபுட்பால் என்பார். அந்த வியாழனை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். நீலச் சட்டைக்காரர்கள், அதாவது அவருடைய டீம், பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஃபைனலுக்கு வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மயக்க மருந்தில் கிடப்பதா? இதெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மைக் காரணம் அவருடைய அண்ணன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் இதே மாதிரி நெஞ்சைத் திறக்கப் போனார். தள்ளுவண்டியில் போகும்போது, ஒன்றும் ஆகாது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது முகம்வரைக்கும் துணி மூடியிருந்தது. மெக்கானிக்குக்குப் பயம். வேறொன்றும் இல்லை, அப்பட்டமான பயம்.

ஆகவே திட்டம் இதுதான். கடிதத்தை மறைப்பது. வியாழக்கிழமையைக் கடத்துவது. தேதி தவறிவிட்டால் அவர்களாகப் பார்த்து இன்னும் ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி கொடுப்பார்கள். அதுவரை உயிர் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு காகிதத்தை ஒளிப்பது லேசான காரியமா? அவர் மனைவிக்குத் தையல் வேலை. ஊரார் பேண்ட்டை அளவாகக் குறுக்குவது தொழில், புருஷனை அளவாகக் குறுக்குவது பழக்கம். துவைக்கப் போடும் முன் எல்லாப் பையையும் தலைகீழாக உதறுவாள். அவருடைய கருவிப் பையைத் திறந்து ஸ்பேனரை எல்லாம் சைஸ்படி அடுக்குவாள். அரிசி டப்பா, அலமாரி, மெத்தைக்கு அடி எல்லாம் அவள் ராஜ்ஜியம். யோசித்து யோசித்துக் கடைசியில் மெக்கானிக்குக்கு மூளை வேலை செய்தது. கூடத்துச் சுவரில் நீலச் சட்டை டீமின் படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "என் பதினொரு மாமியார்" என்றுதான் சொல்வாள். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள் என்று கடிதத்தை நாலாக மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகினார். செருகிவிட்டு, இருபத்தேழு வருஷக் குடும்ப வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்த நிம்மதியோடு தூங்கினார்.

இனி சலூனுக்கு வருவோம்.

சனிக்கிழமை மத்தியானமானால் மெக்கானிக்கும், பஸ் டிரைவரும், கணக்கு வாத்தியாரும் தெருமுனை சலூனில் கூடிவிடுவார்கள். சலூன்காரரையும் சேர்த்து நாலு பேர், நாலு பேரும் நீலச் சட்டை. ஒரே டீமின் ரசிகர்கள்தானே, ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் ரசிகர்களைப் பார்த்ததில்லை. ஒருமுறை பெனால்டி கொடுத்தது சரியா தப்பா என்று பேச்சு முற்றி, டிரைவர் சீப்பை எடுத்து வாத்தியாரை அடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு மெக்கானிக் ஒரு சட்டம் போட்டார். சண்டை என்று வந்தால், பேசுகிறவன் முடிவெட்டும் நாற்காலியில் உட்கார வேண்டும். கழுத்தில் துணியைக் கட்டிவிடுவார்கள். கை துணிக்குள்ளே இருந்தால் யாரையும் அடிக்க முடியாது பாருங்கள். பேசி முடித்ததும் மற்றவர்கள் கை தூக்க வேண்டும். ஜெயித்தவன் தீர்ப்பைச் சோப்புத் துண்டால் கண்ணாடியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த சனிக்கிழமை வரை அது அழியாது. முடிவெட்ட வருகிறவர்கள் தங்கள் முகத்தை அந்த எழுத்துக்கு நடுவே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

தீர்ப்பு என்றால் தீர்ப்பு, நாலு பேரையும் கட்டும். ஆட்டம் முடியும்முன் எழுந்து போகிறவன் ரசிகனே இல்லை என்று ஒருமுறை எழுதியாகிவிட்டது. அதற்காக டிரைவர் சொந்த மைத்துனன் கல்யாணத்துக்கே போகவில்லை. அவர் வீட்டில் மூன்று வாரம் மௌன விரதம். அப்போதும் தீர்ப்பை மீறவில்லை. வீட்டில் மெக்கானிக்கின் பேச்சு எடுபடாது, சலூனில் அவர் வைத்ததுதான் சட்டம். அதில் மனுஷனுக்கு ஒரு பெருமை.

அந்தச் சனிக்கிழமை பேச்சை எடுத்தவர் டிரைவர். விஷயம் கேப்டனைப் பற்றியது. அரையிறுதியில் கேப்டனுக்குத் தொடையில் தசை கிழிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல், உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கி, எழுபதாவது நிமிஷத்தில் சுருண்டு விழுந்துவிட்டான். மாற்று ஆட்கள் எல்லோரும் ஏற்கனவே இறங்கியாயிற்று. மிச்ச நேரம் பத்துப் பேரே நாக்குத் தள்ள ஓடி, எப்படியோ பெனால்டியில் தப்பித்து ஃபைனலுக்கு வந்தார்கள்.

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிழிஞ்ச காலோட எழுபது நிமிஷம் ஓடினான்யா. வலிய வெளிய சொல்லாதவன்தான் ஆம்பள" என்றார்.

மெக்கானிக்குக்கு ஒரு வியாதி உண்டு. நெஞ்சில் இருப்பது வேறு, இது நாக்கில். டிரைவர் கிழக்கு என்றால் அவர் மேற்கு என்பார். இருபது வருஷமாக ஒருநாளும் தவறியதில்லை. "நகருய்யா" என்று எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் கழுத்தில் துணியைக் கட்டினார். வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டினார், அதை மெக்கானிக் கவனிக்கவில்லை.

"வலிய சொல்லாதவன் ஆம்பளயா?" என்று ஆரம்பித்தார். "கேப்டனுக்கு முன்னாடியே தெரியும். டாக்டர்கிட்ட போனா படுக்க வச்சிருவாங்கன்னு பயம். பயப்படறதுல தப்பில்ல, எல்லாருக்கும் பயம்தான். ஆனா அத மறைச்சிட்டு, ஒண்ணுமே இல்லாத மாதிரி சிரிச்சிட்டு இறங்கினான் பாரு, அத மன்னிக்க முடியாது. கூட ஓடறவன் இவன நம்பித்தானே ஓடறான்? நடுவுல இவன் பொத்துனு விழுந்தா அவன் என்ன செய்வான்? அவனுக்கு மாத்து ஆள் யாரு இருக்கா?"

இந்த இடத்தில் துணிக்குள்ளேயே கையை ஆட்டிக் கத்திவிட்டார். ஃபுட்பால் மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டார்.  வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஓட்டெடுப்பு நடந்தது. மூன்று கையும் தூக்கியாயிற்று, டிரைவர் கையும் சேர்த்து. அதைப் பார்த்தாவது மனுஷனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபது வருஷத்தில் டிரைவர் அவருக்கு ஓட்டுப் போட்டதே கிடையாது. ஆனால் ஜெயித்தவனுக்குக் கண் தெரியுமா? துணிக்கு அடியிலிருந்து ஒரு கையை நீட்டிச் சோப்பை எடுத்து எழுதினார்: உடம்பில் கோளாறு என்று தெரிந்தும் கூட இருப்பவர்களிடம் மறைப்பவன் துரோகி. வாத்தியார் உடனே, கேப்டன் ஒருவனுக்கு மட்டும் எழுதினால் போதாது, சூத்திரம் என்றால் எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான் என்று, 'யாராக இருந்தாலும்' என்று சேர்த்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார் மெக்கானிக்.

சலூனின் பின்பக்கம், வெந்நீர் போடும் அறைக்கு ஒரு திரை உண்டு. அந்தத் திரை விலகியது. ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் நாலாக மடித்த காகிதமுமாக அவர் மனைவி வந்து நின்றாள்.

"படிங்க" என்றாள்.

"எத?"

"கண்ணாடியில நீங்க எழுதினதத்தான். கொஞ்சம் சத்தமா."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். எழுத்துக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. சரியாக 'துரோகி' என்ற இடத்தில் மூக்கு இருந்தது. எழுந்துவிடலாம் என்றால் கழுத்துத் துணி விடவில்லை.

"அந்தக் கடுதாசி எப்படி உன் கைக்கு..."

"அந்தப் படத்த பதினொரு வருஷமா யாரு துடைக்கிறான்னு நினைச்சீங்க?"

அவர் நினைத்ததே இல்லை. அது தானாகவே பளபளவென்று இருக்கிறது என்றுதான் இருந்தார். அவளோ வெள்ளிக்கிழமை தவறாமல் படத்தைக் கழற்றி, பதினொரு மூஞ்சியையும் ஈரத்துணியால் துடைத்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நேற்றுத் துடைத்தபோது கடிதம் காலடியில் விழுந்திருக்கிறது. படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அப்புறம் எழுந்து, நேராகச் சலூனுக்கு வந்து, மூன்று பேரையும் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கிறாள். வீட்டில் தான் சொன்னால் இந்த மனுஷன் கேட்கமாட்டார், சலூன் சொன்னால் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். டிரைவர் எந்தப் பக்கம் பேசினால் இவர் எந்தப் பக்கம் பாய்வார் என்பதும் தெரியும்.

"எனக்கும் கேப்டன் மேல கோவம்தான்" என்றார் டிரைவர், தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டே. "தங்கச்சி சொல்லுதேன்னுதான் அவன தூக்கிப் பேசினேன். நாக்கு கூசிப்போச்சு."

 மெக்கானிக் மெல்ல, "அண்ணன் கட்டைவிரல தூக்கிக் காட்டிட்டுப் போனார்" என்றார்.

"தெரியும். நானும் அங்கதான் நின்னேன்." அவள் வந்து கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். "எனக்கும் பயம்தாங்க. நேத்துலேர்ந்து ஊசியில நூல் கோக்க முடியல. நீங்க தனியா உக்காந்து பயப்படாதீங்க, அவ்வளவுதான் கேக்கறேன்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபைனல்..."

"வியாழக்கிழமை எட்டு மணி" என்றாள் அவள். வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும் என்று எழுதியிருந்ததல்லவா? மூன்று பேர் எக்ஸ்ட்ராவாகவே வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் தள்ளுவண்டியில் போகும்போது, தன்னை அறியாமல் மெக்கானிக்கின் கட்டைவிரல் எழும்பியது. அவள் அதைப் பிடித்துப் போர்வைக்குள் அமுக்கினாள். "விரலெல்லாம் காட்ட வேணாம். சும்மா போய்ட்டு வாங்க" என்றாள். கதவு மூடியது. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதன்பின் ஐந்தரை மணி நேரம் வெளியே இருந்த பெஞ்சில் நாலு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேப்டனைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

பிழைத்தார்.

ஆனால் பிழைத்ததை நினைத்துச் சந்தோஷப்பட முடியாத வலி. இருமினால் உயிர் போனது. ஞாயிற்றுக்கிழமை எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. திங்கட்கிழமை வார்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் முதலில் கேட்டது, "என்ன ஆச்சு ஃபைனல்?" வார்டில் டிவி கிடையாது. அவருடைய ஃபோன் அவள் பையில். பார்க்க வந்த மூன்று பேரும் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, வாயில் பூட்டுப் போட்டவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை வரை வாய் திறக்கக் கூடாது என்று அவளே கண்ணாடியில் எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

நர்ஸ் வந்து எழுந்து நடக்கச் சொன்னார். நடக்காவிட்டால் நெஞ்சில் சளி கட்டும், கட்டினால் வேறு பேச்சு இல்லை, காய்ச்சல், திரும்ப அந்தச் சுவாச மெஷின். முடியவே முடியாது என்று மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாகிறேன் விடுங்கள் என்றார். நிஜமாகத்தான் சொன்னார்.

அவள் குனிந்து, "எழுந்து நின்னா முதல் பாதி சொல்றேன்" என்றாள்.

மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"முதல் பாதியில நம்மாளுங்க ஒரு கோலும் வாங்கல."

செவ்வாய்க்கிழமை வார்டுக் கதவு வரை போனார். கேப்டன் களத்தில் இறங்கவே இல்லை என்ற செய்தி கிடைத்தது. பரவாயில்லை, திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமை பாதி வராந்தா. யாருக்கும் சிவப்பு அட்டை இல்லை. எதிரணியும் கோல் வாங்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி மெக்கானிக் மனசுக்குள் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தார். ஆளுக்கு ஒரு கோலும் இல்லை, கூடுதல் நேரம், அப்புறம் பெனால்டி. எந்தப் பையன் அடித்தான், எந்தப் பக்கம் அடித்தான் என்று யோசித்தே பொழுது போனது. நெஞ்சு வலிப்பதுகூடக் கொஞ்சம் மறந்தது.

வியாழக்கிழமை, கடைசி ஜன்னல் வரை. மொத்தம் அறுபத்திரண்டு எட்டு வைக்க வேண்டும். அவள் முன்னாலேயே போய் ஜன்னலடியில் நின்றுகொண்டாள். நாற்பதாவது எட்டில் கண் இருட்டியது. ஐம்பதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அண்ணனை நினைத்து அழுதார். அவளும் அங்கிருந்தே அழுதாள், ஆனால் ஒரு அடி முன்னால் வரவில்லை. கடைசியில் வந்து சேர்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"வந்துட்டேன்ல? சொல்லு இப்ப. பெனால்டியா? யாரு ஜெயிச்சா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை செம மழைங்க. மைதானம் பூரா தண்ணி. ஆட்டத்த அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சிட்டாங்க. இப்ப திரும்பி நடங்க, கட்டில் அந்தக் கடைசியில இருக்கு."