மோட்டுவளை அண்ணாச்சி வாங்கிய ஃப்ளாஷ்

திருநெல்வேலிச் சீமையில் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண்ணையும் பார்க்காமல், மாப்பிள்ளையையும் பார்க்காமல், பந்தி எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல், அண்ணாந்து மேற்கூரையைப் பார்த்த ஒரே மனிதர் மோட்டுவளை அண்ணாச்சிதான். தொழில், போட்டோ பிடிப்பது. ஊர் உவரி. பெயர்? ஞானஸ்நானத்தின்போது ஏதோ ஒன்று வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

கல்யாணத்துக்குப் படம் எடுக்க அவரைப் பேசப் போனால் தேதி கேட்க மாட்டார். "எந்த மண்டபம்? சீலிங் என்ன கலரு? எம்புட்டு ஒசரம்?" இவ்வளவுதான் விசாரணை. முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிப்பது அவரைப் பொறுத்தவரை கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஃப்ளாஷின் தலையைத் திருப்பி மேலே பார்க்க வைப்பார். வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டு, பைய இறங்கி, பன்னீர் தெளித்த மாதிரி முகத்தில் விழும். கூரை பச்சையாக இருந்தால் மாப்பிள்ளைக்குப் பாசி பிடித்துவிடும். ஒரு மண்டபத்தில் கூரைக்கு ரோஸ் கலர் அடித்திருந்தார்கள். அண்ணாச்சி நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய், "முகூர்த்தத்த ஒரு வாரம் தள்ளிப் போடுங்க, வெள்ள அடிச்சிருவோம்" என்றார். அவரைப் பிடித்து வெளியே கொண்டுவர நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

"நீங்கள் கடற்கரைக்காரர்தானே, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கே நிறுத்தி நாலு படம் எடுத்தால் என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"வானம் ரொம்ப ஒசரம்லா வே. அங்கன அடிச்ச வெளிச்சம் திரும்பி வராது" என்றார்.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு சோதனை வந்தது. அது என் அப்பா.

அப்பா விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலைச் சத்தத்துக்கு அசராத மனிதருக்கு ஃப்ளாஷ் என்றால் ஆகாது. முகத்துக்கு நேரே யாராவது அதைத் தூக்கினாலே, பளிச்சென்று அடிப்பதற்குள் கண் மூடிவிடும். மாமா கல்யாண ஆல்பத்தில் அப்பா தூங்குகிறார். சித்தி கல்யாணத்தில் தூங்குகிறார். தன் கல்யாணத்தில், அம்மா கழுத்தில் தாலி கட்டுகிற படத்திலும் நல்ல தூக்கம். "கண்ண மூடிக்கிட்டுத்தான் என்னக் கெட்டுனாரு" என்று அம்மா ஆல்பத்தைச் சாட்சியாக வைத்து ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கேலியையெல்லாம் சிரித்தபடி வாங்கிக்கொண்டவர், என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாறிப்போனார். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணமான பத்தாம் நாள் விமானம். அப்பா அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பிள்ள கண்காணாத ஊருக்குப் போறா. அங்கன வச்சு அவளுக்கு என்னையத் தேடும்லா? அப்பம் படத்த எடுத்துப் பாத்தா, அதுலயும் நான் தூங்கிக்கிட்டு இருக்கக் கூடாது. ஒரே ஒரு படம். நான் முழிச்சிருக்கணும்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் எங்கள் வீட்டு மோட்டுவளையைப் பார்த்தார். "எங்கிட்ட இருக்கது கிழட்டு ஃப்ளாஷு. பெரிய மண்டபத்துல மேல அடிச்சா பாதி வழியிலயே மூச்சு வாங்கும். புதுசு வாங்கணும். நாளைக்கு எங்கூட வாங்க" என்றார்.

செருப்பு வாங்கப் போகிறவர் காலைக் கூடவே கொண்டுபோவதுபோல, ஃப்ளாஷ் வாங்க அப்பாவைக் கொண்டுபோனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். ஜங்ஷன் பக்கம் முதல் கடை. கடைக்காரர் இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்து வைத்தார். தலை நாலா பக்கமும் திரும்பும். தூரத்தைத் தானே அளக்கும். எவ்வளவு வெளிச்சம் என்பதைத் தானே முடிவு செய்யும். அண்ணாச்சி அதைக் கேமராவில் மாட்டி, கூரையைப் பார்க்கத் திருப்பி, அப்பாவை நிறுத்தி அடித்தார். தூக்கம். இன்னொன்று. தூக்கம். பத்துப் படத்திலும் நிம்மதியான தூக்கம்.

கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஃப்ளாஷ்ல ஒரு கொறையும் இல்ல. ஆள மாத்திப் பாருங்க" என்றார்.

இரண்டாவது கடையிலும் இதே கதை. அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "விடுங்க அண்ணாச்சி, நான் வாங்கி வந்த வரம் அப்பிடி" என்றார். அண்ணாச்சி விடுகிற ஆளா? மூன்றாவது கடையில் கேமராவை என் கையில் கொடுத்து அமுக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று கண்ணிமையையே பார்த்தார். நான் அமுக்கினேன். "இன்னொருக்க" என்றார். அமுக்கினேன். கடையே அதிரக் கத்தினார்.

"ஏ, இது ரெண்டு தடவ அடிக்குதுவே! வெளிச்சத்த அளக்கதுக்கு மொதல்ல பொடுசா ஒண்ணு, பெறகு பெருசா ஒண்ணு. இவரு மொதலுக்கே கண்ண மூடிருதாரு. படம் விழுகது ரெண்டாவதுக்கு! மூடுன கண்ணத்தான் நாம இம்புட்டு நேரமும் எடுத்துக்கிட்டு இருக்கோம்!"

பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "தானா யோசிக்காத ஃப்ளாஷ் ஒண்ணு குடுங்க" என்றார். அடித் தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்று வந்தது. "இதுல எல்லாம் நம்மதான் கையால வைக்கணும். இப்ப இத யாரும் வாங்கதில்ல" என்றார் கடைக்காரர். "அதத்தாம்வே கேக்கேன்" என்று மாட்டி, மேலே திருப்பி, ஒரே அடி.

அப்பாவின் கண் திறந்திருந்தது. ஃப்ளாஷ் எங்கே பார்க்கிறது என்று அவரும் அண்ணாந்து பார்த்திருந்ததால், பல்லி தேடுகிறவர் மாதிரி இருந்தார். இருந்தாலும் திறந்திருந்தது. கடைக்காரரே கைதட்டினார்.

தானாக யோசிக்காத ஃப்ளாஷ் என்றால் அண்ணாச்சிதானே யோசிக்க வேண்டும்? வெளிச்சம் எவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டும் என்று கணக்குப் போட, கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஒட்டடைக் கம்பால் மண்டபத்தின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார். மேனேஜர் அந்தப் பக்கம் வந்து, "அந்த மூலையையும் அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி அதையும் அடித்தார். ஒட்டடை வெளிச்சத்தைக் குடித்துவிடுமாம்.

முகூர்த்தம். மேளம் கொட்டியது. எல்லாரும் தாலியைப் பார்க்க, அண்ணாச்சியின் கேமரா அப்பாவைப் பார்த்தது. வெளிச்சம் மேலே போய் இறங்கியது அப்பாவுக்குத் தெரியவே இல்லை. படத்தில் அவர் தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கண்களும் அகலத் திறந்து, நிறைந்து, இந்தா வழிந்துவிடும் என்று நிற்கின்றன. ஆல்பம் வந்ததும் அப்பா அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. "நான் இப்படியா பாத்துக்கிட்டு நின்னேன்?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. தங்கையின் மஸ்கட் வீட்டுச் சுவரில் அவர் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார். போன வருடம் மோட்டுவளை அண்ணாச்சியும் போய்விட்டார். உவரியில் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது, அவரைப் போலவே நானும் அண்ணாந்து பார்த்தேன். வானம் ரொம்ப உயரத்தில்தான் இருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், எனக்கு அவரை இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். பெயின்டர் மேலே காட்டி, "சீலிங்குக்கு லேசா ஒரு நீலம் குடுப்பமா சார்? இப்பம் எல்லாரும் அதத்தான் அடிக்காவ" என்றார்.

"வேண்டாம், வெள்ளையே அடிங்க. ஒருத்தர் வந்தா மொதல்ல மேலதான் பாப்பாரு."

"யாரு சார்? எப்பம் வாராரு?"

ரெண்டு கோட் அடிங்க என்று மட்டும் சொன்னேன்.